பனி தின்ற விரல்கள்

ஆளின் முகம் எனக்கு மறந்துவிடும், கால் மறக்காது. செருப்புத் தைக்கிறவனின் புத்தி அப்படித்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில், ஊரைத் தாண்டிப் புளியமரங்களுக்குள் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. தொழுநோய்க்காரர்களுக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி. அன்றைக்கு யாரும் தொழுநோய் என்று சொல்லமாட்டார்கள், பெருவியாதி என்பார்கள். டவுனில் எங்கள் குடும்பத்துக்குச் செருப்புக் கடை இருந்தது. “பெருவியாதிக்காரனுக்குத் தைக்கிற கையால தைச்ச செருப்ப எவன் வாங்குவான்?” என்று என் அண்ணன் தடுத்தார். அவர் தடுக்காமல் இருந்திருந்தால் ஒரே மாதத்தில் அந்த வேலையை விட்டிருப்பேன். தடுத்ததால் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். என் குணம் அது.

அந்த நோய் காலில் இருக்கிற உணர்ச்சியைக் கொன்றுவிடும். முள் ஏறினாலும் தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. புண் எலும்பு வரை போன பிறகு நாற்றத்தில்தான் தெரியவரும். அதனால் எங்கள் செருப்புக்கு ஆணியே கிடையாது. உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் லாரி டயர், மற்றதெல்லாம் பசையும் தையலும்தான். பழுப்புக் காகிதத்தின் மேல் காலை வைக்கச் சொல்லி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து ஓரமாகச் சுற்றி வரைந்து அளவெடுப்பேன். உள்ளங்கால் குழிவுப் பக்கம் பென்சில் போகும்போது நல்ல கால் கூசும், லேசாக உதறும். நோய் கண்ட கால் சும்மா கிடக்கும். டாக்டர் இறகும் ஊசியும் வைத்துச் சோதித்துச் சொல்வதை நான் ஒரு பென்சிலில் சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் டாக்டரம்மா நியூசிலாந்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்து பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் பேச்சு அப்படியே அவர் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. “புண்ணு ஆறணும்னா நடக்கக் கூடாதுங்க, சொன்னாக் கேக்கணுமில்லீங்க” என்று அவர் அதட்டுவதைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டால் பென்னாகரம் சந்தையில் கறிகாய் விற்கிற அம்மா என்றுதான் நினைப்பீர்கள். தன் குடும்பத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கொட்டகையில் என்னோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் கேழ்வரகும் நிலக்கடலையும் விளைவிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். முப்பத்தைந்து வயது. வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான், இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து வருஷம், நோய் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. இனி கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தை மடித்து வைத்திருந்தாள். ஆனால் அந்த வீட்டில் முடிவெடுக்கிறவர் அவள் புருஷன் இல்லை, புருஷனின் அண்ணன். கொல்லைக் கோடியில் ஒரு குடிசை போட்டுத் தருகிறேன், அங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொல்லியனுப்பினார்.

“குடிசையில தனியாக் கெடக்கறதுக்கு இங்கயே இருக்கலாமுங்க பாய். இங்கன்னா திட்டறதுக்காவது நீங்க இருக்கீங்க” என்றாள் என்னிடம். அவள் ரப்பரைக் கோணலாக வெட்டினால் நான் திட்டுவேன், உண்மைதான்.

புருஷன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஒரு பை நிலக்கடலையோ அவரைக்காயோ கொண்டுவந்து கேட்டுக்கு வெளியிலேயே நிற்பான். மழை பெய்ததா பெய்யவில்லையா என்று சொல்வான். போய்விடுவான். இவனுக்கு நாக்கு எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வரும். அந்த வருஷம் மார்கழியில் வந்தவன் மழையைப் பற்றிச் சொல்லவில்லை. மகளுக்கு மாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னான்.

“அண்ணன் ஒன்ன வர வேணாம்னு சொல்லச் சொன்னாரு. மாப்பிள்ள வூட்டுக்காரங்க கையப் பாத்தாங்கன்னா…”

அன்றைக்கு அவள் வெட்டிய ரப்பர் ஒன்றுகூட நேராக இல்லை. நான் திட்டவில்லை. சாயங்காலம் அவளாகவே பேசினாள். அவர்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாரை வார்ப்பார்கள். பெண்ணின் கையை அப்பன் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க, அதன் மேல் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றவேண்டும். அம்மா ஊற்றினால்தான் கொடுத்ததாக அர்த்தம். “பெத்தவ நான் இருக்கறேன். எம் பொண்ணுக்கு எங்க ஓரகத்தி தண்ணி ஊத்தறாளாம் பாய். அது மட்டும் எனக்குக் கெடச்சாப் போதும், அப்புறம் குடிசையில போட்டாலும் போயிடறேன்” என்றாள்.

அதே மார்கழியில்தான் துரை வந்தார். டாக்டரம்மாவின் அப்பா. அவர் வரப்போவதாக வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் பெயருக்கு முன்னால் ‘சர்’ என்று அச்சடித்திருந்தது. எங்களுக்குக் கண்டக்டரும் சார்தான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் கிளார்க்தான் கண்ணை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். அது இங்கிலாந்து ராஜா கொடுத்த பட்டமாம். துரையின் தாத்தாவுக்குக் கொடுத்தது, அவருக்குப் பிறகு மூத்த மகனுக்கு, அவருக்குப் பிறகு அவர் மூத்த மகனுக்கு என்று இறங்கிவருமாம். எங்கள் ஊர்களில் மணியக்காரர் வேலை அப்பன் போனால் மகனுக்கு வருகிறதில்லையா, அதுபோல. இத்தனை வருஷம் சீழ் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா அப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்பதை நம்பாமல் கிளார்க்கிடம் இரண்டு தடவை கேட்டேன்.

மூன்று மாதம் மகளோடு தங்குவதற்காக மொரப்பூரில் ரயிலிறங்கி ஜீப்பில் வந்தார். எண்பதை நெருங்கிய மனிதர், எங்கள் வார்டு நிலைவாசலில் தலை குனிந்துதான் நுழைய முடிந்தது. நாங்கள் எல்லோரும் மார்கழிக் குளிருக்குக் கம்பளியும் துண்டுமாகச் சுருண்டிருந்தோம். அவர் அரைக்கைச் சட்டையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் வார்டு நடுவில் நின்று கைகூப்பினார்.

எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை. இடது கையில் கட்டைவிரலைத் தவிர நான்கிலும் நுனி இல்லை. வெளியாட்கள் வந்தால் எங்கள் ஆட்கள் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது. அன்றைக்குத் துண்டுக்குள் இருந்த கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கும்பிட்டன. இருபத்திரண்டு வருஷத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் துரை என் கொட்டகைக்கு வந்தார், என்னோடு வேலை பார்க்கிறவள் அப்போது சாப்பிடப் போயிருந்தாள். அவர் பூட்சுக்குள் துணி அடைத்துப் போட்டிருந்தார், இந்த வெயிலுக்கு அது வேகிறது, எல்லோருக்கும் தைக்கிற செருப்பே ஒன்று வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். பழுப்புக் காகிதத்தை விரித்தேன். வலது காலில் ஐந்து விரல்களும் இல்லை, இடதில் இரண்டு இல்லை. பாவம், எந்த வயதில் கண்டதோ என்று நினைத்துக்கொண்டே பென்சிலை ஓட்டினேன். உள்ளங்கால் குழிவுக்குப் போனதும் அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் கூசியது.

“என்னங்கம்மா இது? இவருக்கு உணர்ச்சி நல்லா இருக்குதுங்களே.”

“அவருக்கு இந்த நோய் இல்லீங்க பாய். இது குளிர்ல போனது” என்றார் டாக்டரம்மா.

அப்புறம் துரை சொல்லச் சொல்ல டாக்டரம்மா தமிழில் சொன்னார். இருபத்திநான்கு வயதில் ஒரு கூட்டத்தோடு கப்பல் ஏறியிருக்கிறார். பூமியின் தென்கோடிக்கு. அங்கே ஊர் கிடையாது, மரம் கிடையாது, புல் கிடையாது, மண்ணே கண்ணில் படாது. நிற்பதும் ஐஸ், படுப்பதும் ஐஸ். அதன் கனம் எவ்வளவு தெரியுமா என்றார். தீர்த்தமலையைக் கோயிலோடு தூக்கி உள்ளே வைத்தால் உச்சிகூட வெளியே தெரியாது என்று டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மண்ணெண்ணெய் டின்னை வெறுங்கையால் தொட்டால் தோல் டின்னோடு போய்விடும். நாய்களைப் பூட்டிச் சறுக்குவண்டியில் சாமான் இழுப்பார்கள். நாய்கள் செத்தபின் மனிதர்களே இழுத்தார்கள். ஒருநாள் கயிறு முடிச்சைப் போடக் கையுறையைக் கழற்றினார், காற்று கையுறையைக் கொண்டுபோய்விட்டது. அவ்வளவுதான். அந்தக் கைக்கு அன்றோடு முடிந்தது.

கோடையில் மாதக்கணக்காகச் சூரியன் அடையாது, குளிர்காலத்தில் மாதக்கணக்காக உதிக்காது என்றார். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

“அப்ப அங்க அஞ்சு வேளை தொழுகையை எப்படிங்க தொழறது? நோன்பு வெச்சா எப்பத் தொறக்கறது?”

துரை சிரிக்கவில்லை. யோசித்தார். எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை, எனக்குப் பதில் தெரியாது என்றார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டேன். “ஏம்ப்பா, அங்க ஒனக்கு என்ன வேல?” என்றார் அவர். அதையேதான் நானும் துரையிடம் கேட்டிருந்தேன். விளைகிறதுக்கு ஒன்றுமில்லை, விற்கிறதுக்கு ஒன்றுமில்லை, எதற்குப் போனீர்கள்? யாரும் போனதில்லை, போகமுடியாது என்றார்கள், அதனால் போனேன் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணன் வேண்டாம் என்றதற்காகவே வேலைக்குப் போனவனாயிற்றே நான்.

துரை கதை சொன்ன மறுநாள் டவுனுக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டுச் சோடாக்கடையில் மரத்தூளுக்குள் கிடந்த ஐஸ் பாளத்தில் ஒரு துண்டு உடைத்து வாங்கினேன். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு எண்ணினேன். நூறு வரை எண்ணவேண்டும் என்று வைராக்கியம். ஐம்பதுக்குள் எலும்பு வலித்தது, எழுபதில் உதறிவிட்டேன். உச்சி வெயிலில், கையளவு ஐஸ், அவ்வளவுதான். அதன் மேலேயே படுத்து அதன் மேலேயே எழுந்த மனிதர் என் ஸ்டூலில் உட்கார்ந்து காலைக் கொடுத்தாரே என்று நினைத்தபோது எனக்குப் பயம்கூட வந்தது.

சாயங்காலங்களில் துரை புளியமரத்தடியில் ஆட்களோடு உட்காருவார். அவருடைய தாத்தா கப்பலில் வந்து அந்த நாட்டில் குடியேறி மலைமலையாக நிலம் வளைத்தாராம். அங்கே முன்பே குடியிருந்தவர்களை யார் கேட்டார்கள் என்று துரையே சொன்னார், எங்கள் தாத்தா கேட்கவில்லை என்றும் சொன்னார். ஆடு மட்டும் பத்தாயிரத்துக்குக் குறையாது. எங்கள் வார்டில் ஓர் ஆட்டுக்காரப் பெரியவர் இருந்தார். அவருக்கு அன்றிரவு தூக்கமே வந்திருக்காது. “பத்தாயிரம் ஆட்ட ராத்திரிக்கு ஒரு கொல்லையில மடக்கினா, எருவு எத்தன வண்டி தேறும் சாமி” என்று இரண்டு நாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். துரை தெற்கே கடைசி வரைக்கும் போய்வந்தவர் என்பது அவருக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். “தெக்க போனவங்க திரும்பறதாவது” என்று சொல்லி, துரையின் கால் தரையில் படுகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

இதில்தான் எங்கள் ஆட்கள் ஒரு தப்புச் செய்தார்கள். எங்கள் வார்டில் யாரும் யாரையும் விரல் எப்படிப் போயிற்று என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. துரையையும் கேட்கவில்லை. அவர் ஐஸ் தேசத்துக்குப் போன கதையும் தெரியும், விரல் இல்லாததும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. குளிர் விரலைத் தின்னும் என்று யாருக்குத் தெரியும்? விரலைத் தின்கிற ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும். துரைக்கும் சின்ன வயதில் இதே வியாதி வந்திருக்கிறது, சரியாகியிருக்கிறது, அதனால்தான் மகளை இந்த வைத்தியத்துக்குப் படிக்கவைத்து இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

எனக்கு உண்மை தெரியும். நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த அன்றைக்குத்தான் அவள் கையில் கத்தரியோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“வெரல் போன கைக்கு ராஜா பட்டம் வுட்டு வெச்சிருக்காரு பாருங்க பாய். பொண்டாட்டி வூட்ட வுட்டுத் தொரத்தல. மவ அப்பான்னு கட்டிப் புடிக்கறா, மேசையில ஒண்ணா உக்காந்து சாப்புடறாங்க. பத்தாயிரம் ஆட்டுக்காரருக்கே கொறையில்லாதது எங்க வூட்டுக்காரரு அண்ணனுக்கு என்ன கொறஞ்சிடும்? நான் கல்யாணத்துக்குப் போறேன்.”

மார்கழியிலிருந்து சிரிக்காதவள். நான் “போ, போய்த் தண்ணி ஊத்து” என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு புதுச் செருப்பும் தைத்தேன்.

ஆனால் கல்யாணம் நெருங்க நெருங்க நான் யோசிக்க ஆரம்பித்தேன். அங்கே போய் அவள் துரையைச் சாட்சிக்கு இழுப்பாள். படித்தவன் எவனாவது ஒருவன், துரைக்கு அது பனியில் போனது என்று சபை நடுவில் உடைப்பான். அப்புறம் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? நான்கு நாள் இருக்கும்போது டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“நீங்க ஏன் அப்பவே சொல்லல?” அவர் முகம் சிவந்துவிட்டது.

“அவ சிரிச்சாங்கம்மா. அதக் கெடுக்க எனக்கு வாய் வரல.”

சாயங்காலம் டாக்டரம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். துரை என் ஸ்டூலில் உட்கார்ந்தார், அவள் எதிரே தரையில். எனக்கு அந்த நோய் வந்ததில்லை, இது பனியில் போனது என்று துரை முதலிலேயே சொல்லிவிட்டார். டாக்டரம்மா அதைத் தமிழில் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் கையைப் பார்த்தேன். அது முந்தானைக்குள் போய்விட்டது.

துரை நிறுத்தவில்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன் என்று தொடர்ந்தார்.

கப்பல் புறப்படுவதற்கு முன்னால் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்னத் தீவு. அங்கேதான் நாய்களைக் கட்டிவைத்திருந்தார்கள். தீவின் மறுபக்கம் ஒரு குடிசை இருந்தது. இந்த நோய் கண்ட ஒரு மனிதரைக் கவர்மெண்டு அதில் கொண்டுபோய் வைத்திருந்தது. ஒற்றை ஆள். படகில் சாப்பாடு வரும், பாறை மேல் வைத்துவிட்டுப் போவார்கள். துரைக்குக் குடிசையின் புகை தெரியும், ஆளும் சிலசமயம் தெரிவார். ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

“அத்தனை நாய்க்கும் நான் பேர் வைத்திருந்தேன். அந்த மனிதரின் பேர் என்னவென்று கேட்கவில்லை” என்றார்.

இரண்டு வருஷம் கழித்துக் கப்பல் அதே துறைமுகத்துக்குத் திரும்பியது. கையும் காலும் கட்டுப் போட்டபடி அவர் மேல்தளத்தில் நாற்காலியில் கிடந்தார். தீவை ஒட்டிக் கப்பல் போனபோது அந்த மனிதர் கரையில் வந்து நின்றார். அவர் கையைத் தூக்கினார். துரையும் கட்டுப்போட்ட கையைத் தூக்கினார். இரண்டும் ஒரே மாதிரிக் கை. கரையில் பேண்டு வாசித்து, மாலை போட்டு, துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா செத்தபின் பட்டமும் வந்தது. விருந்துகளில் பெண்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து அதிசயப்பட்டார்களாம்.

எதிரே தரையில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

“அந்தத் தீவுல இருந்தவரு அப்புறம் என்ன ஆனாருங்க?”

டாக்டரம்மா கேட்டுச் சொன்னார். “தெரியாதுங்கறாரு. கேக்கவே இல்லியாம்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து ரப்பரை வெட்டப் போய்விட்டாள். எல்லாம் போயிற்று, இவள் இனி கல்யாணத்துக்குப் போகமாட்டாள், எல்லாம் என் வாயால் வந்த வினை என்று அன்று ராத்திரி முழுக்க நான் என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள்.

“பாய், கல்யாணத்துக்குத் தொரையும் வருவாரான்னு கேளுங்க. நீங்களும் வரணும்.”

“இனிமே அவரு எதுக்கு? அவருக்குத்தான் அந்த நோவு இல்லயே.”

“இல்லாதவருதான் வேணும். பக்கத்துல வந்து நிக்கட்டும்.”

முகூர்த்த நாளன்று டாக்டரம்மா ஜீப்பை ஓட்டினார். துரை முன்னால், அவளும் நானும் பின்னால். போய்ச் சேரும்போது காலை ஒன்பது மணி. மாசி வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. வாசலில் தென்னோலைப் பந்தல், ஒலிபெருக்கியில் பாட்டு. வெள்ளைக்காரத் துரை ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்துப் புருஷனின் அண்ணன் மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஓடிவந்தார். பந்தலுக்குள் முதல் வரிசையில் நாற்காலி போடச் சொன்னார். அப்புறம்தான் பின்னால் இறங்கியவளைக் கண்டார். முகம் மாறிவிட்டது.

“ஒன்ன வரவேணாம்னுதான சொன்னேன். சரி, வந்தது வந்துட்ட. மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் போய் உக்காரு, சோறு குடுத்தனுப்பறேன்.”

சொல்லிக்கொண்டே துரைக்கு மாலை போட்டவர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டார். மாலை போட்ட கை அப்படியே நின்றது. என்னை ஓரமாக இழுத்தார்.

“ஏனுங்க பாய், தொரைக்கும் அதேதானுங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் தீர்மானித்து வந்திருந்தேன். துரைக்கே வந்த வியாதி, அவரையே நாற்காலியில் உட்காரவைக்கிறீர்கள் என்று மடக்கிவிடலாம் என்று திட்டம். ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு பொய் சொன்னால் அல்லா என்னை மன்னிப்பான். வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“இல்லீங்க மாமா. அவரோடது பனி தின்னது, என்னோடது நோவு தின்னது. பனி தின்ன கைக்கு நீங்க மால போடறீங்க. ரெண்டு கையும் ஒண்ணாத்தானுங்களே இருக்குது?”

முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்துத் துரையின் கைக்குப் பக்கத்தில் நீட்டினாள். பந்தலின் முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அண்ணன்காரர் தடுமாறிவிட்டார். “அதெல்லாம் எனக்குத் தெரியாது. முகூர்த்தத்துக்கு நேரமாவுது. தொரைய உள்ள கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனார்.

துரை என்னவென்று மகளிடம் கேட்டார். மகள் சொன்னார். அவர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி ஜீப்பின் மேல் வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டார். அவ்வளவுதான் செய்தார். நாற்காலியை வெளியே தூக்கிவந்து போட்டார்கள், உட்காரவில்லை. குடை கொண்டுவந்தார்கள், வாங்கவில்லை. டாக்டரம்மா பயந்துபோய்க் காதில் ஏதோ சொன்னார். இதைவிட மோசமான இடங்களில் நின்றிருக்கிறேன் என்றாராம். எண்பது வயது மனிதர், காலில் பாதி விரல் இல்லை. பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு, அது முடிந்து இன்னொன்று. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சட்டை நனைந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், வாழ்க்கையில் ஒரு முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. விருந்தாளித் துரையை வெயிலில் நிற்கவைத்துவிட்டு எப்படித் தாலி கட்டுவது என்று யாரோ கேட்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து வருஷமாக அவள் வாசலுக்கு வெளியே நிற்கிறாள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அரைமணி நேரம் நின்றதும் ஊருக்கே உறைக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

பந்தலுக்குள்ளிருந்து அவள் புருஷன் வந்தான். புது வேட்டி, கையில் மஞ்சள் காப்பு, பித்தளைச் செம்பு. செம்பை அண்ணியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னால் அண்ணன் அவனைக் கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அவள் முன்னால் வந்து நின்று, அந்தக் கையைப் பிடித்து அதில் செம்பை வைத்தான்.

“வா. நேரமாவுது” என்றான்.

அவள் இரண்டு கையாலும் செம்பை அணைத்துக்கொண்டு அவன் பின்னால் உள்ளே போனாள். வரிசையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா அவள் கையை ஏறிட்டுப் பார்த்தாள், பிறகு காலை மடக்கி வழிவிட்டாள். மணையில் இருந்த பெண் அம்மாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. புருஷன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தான். அவள் செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மூன்று கைகளின் மேலும் நிதானமாக விழுந்தது.

அவன் என்ன சொல்லி அழைத்துப் போனான் என்று துரை கேட்டார். டாக்டரம்மா சொல்கிற நிலையில் இல்லை, அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் நான்தான் சொன்னேன். நேரமாகிறது, வா என்று கூப்பிட்டான் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அந்தத் தீவில் நான் அதைக்கூடச் சொல்லவில்லை என்றார். அதற்கப்புறம்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.